வந்த வழியே திரும்பிப் போகாதீர்கள்

"அன்புள்ள வாடிக்கையாளரே, இன்றிரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும். போன மாதத்து பில் எங்கள் கணக்கில் ஏறவில்லை. உடனே மின்வாரிய அதிகாரியைக் கீழே உள்ள எண்ணில் தொடர்புகொள்ளவும்." அடியில் ஒரு பத்து இலக்க செல்போன் எண். 2022-இல் நாடு முழுக்கச் சுற்றிய குறுஞ்செய்தி இது. அரைகுறை ஆங்கிலத்தில் நம் ஊர் போன்களுக்கும் ஏராளமாக வந்தது. இன்றைக்கும் வேறு வேறு வேஷத்தில் வந்துகொண்டுதான் இருக்கிறது.

உட்காருங்கள், டீ வரட்டும். இந்த ஒரு செய்தியை நிதானமாகப் பிரித்துப் பார்த்துவிட்டால் மற்றவை பாதி புரிந்துவிடும். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவைதான்.

முதலில் அந்த நேரத்தைப் பாருங்கள். இரவு ஒன்பதரை. ஈ.பி. ஆபீஸ் பூட்டியிருக்கும், போய்க் கேட்க ஆள் கிடையாது. வீட்டில் கைக்குழந்தையோ படுக்கையில் ஒரு பெரியவரோ இருந்தால், ராத்திரி ஃபேன் நின்றுபோகும் என்ற நினைப்பே போதும். அடுத்தது 'போன மாதத்து பில்'. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு ரீடிங் எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. எடுத்த நாளிலிருந்து 20 நாள் அவகாசமும் உண்டு. மாதா மாதம் பில் போடும் ஏதோ ஒரு மாநிலத்துக்காக எழுதியதை அப்படியே நம் பக்கமும் தள்ளிவிட்டிருக்கிறார்கள். பிறகு அந்த 'மின்வாரிய அதிகாரி'. உதவிப் பொறியாளர் தெரியும், கணக்கீட்டாளர் தெரியும், போர்மேன், வயர்மேன் எல்லோரையும் தெரியும். இந்த அதிகாரியை மட்டும் எந்தப் பிரிவு அலுவலகத்திலும் பார்த்ததில்லை.

இவ்வளவு ஓட்டை இருந்தும் எப்படி ஏமாந்தார்கள் என்று கேட்பீர்கள். அந்த எண்ணுக்குக் கூப்பிட்டவர்களில் பலர் பில்லை ஒழுங்காகக் கட்டியவர்கள். 'கட்டிவிட்டோமே, ஏறாமல் போயிருக்குமோ' என்ற சந்தேகம்தான் அவர்களைக் கூப்பிட வைத்தது. வழக்கமாகப் பாக்கி வைக்கிறவர் வயர்மேன் வாசலில் வந்து நின்றால்தான் அசைவார். அவருக்கு இந்தச் செய்தியெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

கூப்பிட்டதும் மிகவும் மரியாதையான ஒரு குரல் எடுக்கும். "சார், உங்க பணம் வந்திருக்கு. அப்டேட் ஆகலை, அவ்வளவுதான். பத்து ரூபாய் மட்டும் கட்டுங்க, சிஸ்டத்துல ஏறிடும்." இந்தப் பத்து ரூபாயில்தான் சூட்சுமம் இருக்கிறது. பத்தாயிரம் கேட்டால் நீங்கள் யோசிப்பீர்கள். பத்து ரூபாய்க்கு யாரும் யோசிப்பதில்லை. கட்டுவதற்கு ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள். அது எனிடெஸ்க் மாதிரி, தொலைவிலிருந்து இன்னொருவர் திரையைப் பார்க்க உதவும் செயலியாக இருக்கும். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர்கள் நேர்மையாகப் பயன்படுத்தும் கருவிதான். அதில் தெரியும் எண்ணை அவரிடம் படித்துக் காட்டி, 'அனுமதி' என்பதையும் தொட்டீர்கள் என்றால், உங்கள் போன் திரை அவர் முன்னால் விரிந்துவிடும். பத்து ரூபாய் கட்டுவதற்காக நீங்கள் தட்டும் கார்டு எண், பாஸ்வேர்டு, பின்னால் வரும் ஓ.டி.பி. எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். பத்து ரூபாய் போகும். அதன் பின்னாலேயே மிச்சமும் போகும்.

இங்கே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். எழுத்துப் பிழையைப் பார், இலக்கணத்தைப் பார், போலியைக் கண்டுபிடி என்று சொல்லிக்கொடுக்கிறார்களே, அதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. மேலே நானே ஓட்டைகளை எண்ணிக் காட்டினேன், உண்மைதான். ஆனால் அவை ஒரு சோம்பேறி மோசடிக்காரன் விட்ட ஓட்டைகள். இன்று செயற்கை நுண்ணறிவு பிழையில்லாத தமிழில் எழுதித் தருகிறது. உங்கள் பேரன் குரலிலேயே பேசியும் காட்டுகிறது. நாளைக்கு வரும் செய்தியில் உங்கள் மின் இணைப்பு எண்ணும் சரியாக இருக்கும், இரண்டு மாதக் கணக்கும் சரியாக இருக்கும். அப்போது என்ன செய்வீர்கள்?

அதனால் உண்மையா பொய்யா என்று ஆராய வேண்டியதே இல்லை. வந்த வழியே திரும்பிப் போகாமல் இருந்தால் போதும். செய்தியில் உள்ள லிங்கைத் தொடாதீர்கள், அதில் உள்ள எண்ணுக்குக் கூப்பிடாதீர்கள், அழைத்தவர் இணைப்பில் இருக்கும்போது எதையும் செய்யாதீர்கள். போனை வைத்துவிட்டு, உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வழியில் நீங்களாகப் போய்க் கேளுங்கள். கரண்ட் விஷயம் என்றால் மின்னகம் இருக்கிறது, 94987 94987, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். வங்கி என்றால் உங்கள் டெபிட் கார்டின் முதுகில் அச்சடித்த எண். பேரன் என்றால் அவனுடைய பழைய எண். அது எடுக்கவில்லையென்றால் அவன் அம்மாவின் எண். விஷயம் உண்மையாக இருந்தால், பத்து நிமிஷம் கழித்து நீங்கள் போய்க் கேட்கும்போதும் அது அங்கேயே இருக்கும். பொய்யென்றால் அதோடு தீர்ந்தது.

இதில் சறுக்கும் இடம் இரண்டு. கூகுளில் 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று தேடி, மேலாக வரும் எண்ணுக்குக் கூப்பிடுவது முதல் சறுக்கல். வங்கி, எரிவாயு, விமான டிக்கெட், கூரியர் என்று எல்லாவற்றின் பெயரிலும் போலி எண்களை இணையத்தில் விதைத்து வைத்திருக்கிறார்கள். நீங்களாகத் தேடிப் போனதால் சந்தேகமும் வராது. எண்ணை பாஸ்புக்கிலிருந்து எடுங்கள், கார்டிலிருந்து எடுங்கள், பில்லிலிருந்து எடுங்கள். இணையதளம்தான் வேண்டும் என்றால், ரிசர்வ் வங்கி சொன்னபடி இந்திய வங்கிகள் 2025 அக்டோபர் இறுதிக்குள் '.பேங்க்.இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டியிருந்தது. அந்த வாலை வங்கிகளைத் தவிர வேறு யாருக்கும் தருவதில்லை. முகவரி அப்படி முடிகிறதா என்று பாருங்கள். இரண்டாவது சறுக்கல், "இருங்க சார், போலீஸ் ஸ்டேஷனுக்கே கனெக்ட் பண்றேன்" என்பது. அவர் இணைத்துக் கொடுத்தால் அதுவும் அவர் வழிதான்.

இப்போது கொஞ்சம் உள்ளே போகலாம். உங்கள் குறுஞ்செய்திப் பெட்டியைத் திறந்து, வங்கியிலிருந்து வந்த பழைய செய்தி ஒன்றைப் பாருங்கள். அனுப்பியவர் இடத்தில் பத்து இலக்க எண் இருக்காது. இரண்டு ஆங்கில எழுத்து, ஒரு சிறு கோடு, அதன் பிறகு வங்கியின் சுருக்கப் பெயர் என்று இருக்கும். முதல் எழுத்து எந்த நிறுவனத்தின் வலைப்பின்னல் வழியாக வந்தது என்பதைக் காட்டும். ஏர்டெல் என்றால் ஏ, ஜியோ என்றால் ஜே, பி.எஸ்.என்.எல். என்றால் பி. இரண்டாவது எழுத்து எந்த வட்டாரம் என்பதற்கு. டெல்லிக்கு டி. ஆகவே 'ஏடி' என்றால் ஏர்டெல், டெல்லி. உங்கள் வங்கி மயிலாப்பூரில் இருக்க, செய்தி டெல்லி எழுத்தோடு வருவதில் தவறொன்றும் இல்லை. மொத்தமாக அனுப்பும் நிறுவனம் அங்கே பதிவு செய்திருக்கும்.

2025 மே மாதத்திலிருந்து இந்தப் பெயருக்கு வாலும் முளைத்திருக்கிறது. விளம்பரம் என்றால் பி, சேவைத் தகவல் என்றால் எஸ், ஓ.டி.பி. மாதிரி பரிவர்த்தனை என்றால் டி, அரசாங்கம் என்றால் ஜி. இப்படிப் பெயர் போட்டு மொத்தமாக அனுப்ப வேண்டும் என்றால் நிறுவனம் தன்னையும், தன் தலைப்பையும், அனுப்பப்போகும் வாசகத்தின் மாதிரியையும் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அதாவது டிராய், 2018-இல் கொண்டுவந்த விதி இது. 2024 அக்டோபர் முதல் செய்திக்குள் இருக்கும் லிங்கும் பதிவு செய்ததாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நடுவழியிலேயே நிறுத்திவிடுவார்கள். வங்கி பெயரைச் சொல்லிக்கொண்டு பத்து இலக்க எண்ணிலிருந்து வரும் செய்தியைக் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கலாம் என்பது இதனால்தான்.

தலைப்பு சரியாக இருக்கிறது என்பதற்காக லிங்கைத் தொட்டுவிடாதீர்கள். பதிவு செய்த தலைப்பையும் யாராவது தவறாகப் பயன்படுத்த முடியும். இந்தக் காவல் எல்லாம் குறுஞ்செய்திக்குத்தான். வாட்ஸ்அப்பில் அது கிடையாது. அங்கே வங்கியின் சின்னத்தை முகப்புப் படமாக வைத்துக்கொள்ள ஒரு நிமிஷம் போதும். மோசடிக்காரர்கள் அந்தப் பக்கம் குடிபெயர்ந்ததும் அதனால்தான். 'போக்குவரத்து விதியை மீறினீர்கள், அபராத ரசீதைப் பாருங்கள்' என்று ஒரு கோப்பு வரும். கல்யாணப் பத்திரிகை என்று வரும். விவசாயி என்று தெரிந்தால் பி.எம். கிசான் என்று வரும். பெயரின் முடிவில் 'ஏபிகே' என்று இருந்தால் அது ரசீதும் இல்லை, பத்திரிகையும் இல்லை. ஆண்ட்ராய்டு போனில் உட்கார வந்த ஒரு செயலி. நிறுவ அனுமதித்தீர்கள் என்றால் உங்களுக்கு வரும் குறுஞ்செய்திகளை அது படிக்கும், ஓ.டி.பி.-யை நீங்கள் யாருக்கும் சொல்லாமலேயே வெளியே அனுப்பிவிடும். ஓ.டி.பி. யாருக்கும் சொல்லவில்லையே, பணம் எப்படிப் போனது என்று வங்கியில் நின்று தவிப்பவர்களில் பலர் கதை இதுதான்.

தொல்லை அழைப்புக்கு வருவோம். "சார், பர்சனல் லோன் வேணுமா?" "மேடம், மறைமலைநகர் பக்கத்துல டி.டி.சி.பி. அப்ரூவ்டு பிளாட் இருக்கு." இதை மோசடியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இவர் பெரும்பாலும் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒரு பெண்ணோ பையனோ. ஒரு நாளைக்கு இத்தனை அழைப்பு என்று கணக்கு இருக்கும். அவரைத் திட்டுவதால் உங்களுக்கு ரத்த அழுத்தம் ஏறுவதைத் தவிர ஒன்றும் நடக்காது. இதற்கு வேறு கதவு இருக்கிறது: 1909.

'ஸ்டார்ட் 0' என்று ஆங்கிலத்தில் அடித்து 1909-க்கு அனுப்பினால், எந்த விளம்பரமும் வேண்டாம் என்று உங்கள் எண் பதிவாகும். அதே எண்ணுக்கு அழைத்தும் பதியலாம். டிராயின் டி.என்.டி. (டூ நாட் டிஸ்டர்ப்) செயலியிலும் செய்யலாம். இந்தப் பதிவேடு 2007-இலேயே தொடங்கியது. 'நான் எப்போதோ பதிந்துவிட்டேன், இன்னும் கூப்பிடுகிறார்களே' என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. நியாயம்தான். பதிவு செய்த விளம்பர நிறுவனங்கள் 140 என்று தொடங்கும் எண்களிலிருந்துதான் அழைக்க வேண்டும், டி.என்.டி. தடுப்பது அவர்களைத்தான். சாதாரணப் பத்து இலக்க சிம் வாங்கி, அதிலிருந்து விளம்பரத்துக்கு அழைப்பவர்கள் பதிவே செய்யாத ஆட்கள். அவர்களை எந்தப் பதிவேடும் தடுக்காது. புகார்தான் தடுக்கும்.

புகார் கொடுத்து என்ன ஆகும் என்ற அலுப்பு நம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் 2025 பிப்ரவரியில் விதியை மாற்றியிருக்கிறார்கள். முன்பு ஒரு எண்ணின் மேல் ஏழு நாளில் பத்துப் புகார் சேர்ந்தால்தான் நடவடிக்கை. இப்போது பத்து நாளில் ஐந்து புகார் போதும். புகார் கொடுக்க மூன்று நாள் இருந்தது, ஏழு நாள் ஆகியிருக்கிறது. பதிவு செய்யாத ஆட்கள் மேல் புகார் கொடுக்க நீங்கள் டி.என்.டி.-யில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் போய்விட்டது. ஒரே எண்ணிலிருந்து ஒரு தெருவுக்கே அழைப்பு போகிறது என்றால், அந்தத் தெருவில் ஐந்து பேர் சோம்பல்படாமல் இருந்தால் போதும். எண்ணை பிளாக் செய்வதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். பிளாக் செய்தால் உங்களுக்கு நிம்மதி, அடுத்த வீட்டுக்கு அது தொடரும்.

நம் எண் அவர்களுக்கு எப்படிப் போகிறது? நாமே கொடுக்கிறோம். ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடியின்போது கார் பரிசு என்று ஒரு கூப்பன் பெட்டி வைத்திருப்பார்களே, அதில் பெயர், வயது, முகவரி, போன் நம்பர் எல்லாம் எழுதிப் போடுகிறோம். பில் போடும் கவுண்டரில் 'நம்பர் சொல்லுங்க' என்றதும் யோசிக்காமல் சொல்கிறோம். சோப்பு வாங்க எண் எதற்கு? 'வேண்டாம், இல்லாமலே பில் போடுங்க' என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் போட்டுவிடுவார்கள்.

வங்கி உண்மையிலேயே உங்களை அழைத்தால்? அதற்காக 1600 என்று தொடங்கும் தனி வரிசை ஒதுக்கியிருக்கிறார்கள். வாடிக்கையாளரிடம் கணக்கு, பரிவர்த்தனை பற்றிப் பேசும் அழைப்பு இந்த வரிசையிலிருந்தும், விளம்பர அழைப்பு 140-லிருந்தும் வர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது. ஆகவே பத்து இலக்க செல்போன் எண்ணிலிருந்து 'உங்க கே.ஒய்.சி. காலாவதி ஆயிடுச்சு' என்று பேசுபவரிடம் வாதாடவே தேவையில்லை.

இன்னொரு டீ சொல்லிக்கொள்ளுங்கள். அடுத்தது கொஞ்சம் கனமான விஷயம்.

ஒரு பதிவு செய்த குரல் வரும். "டிராய் அலுவலகத்திலிருந்து பேசுகிறோம். இரண்டு மணி நேரத்தில் உங்கள் பெயரில் உள்ள எல்லா எண்களும் துண்டிக்கப்படும். மேலும் அறிய ஒன்பதை அழுத்தவும்." டிராய் எந்தத் தனிமனிதரின் இணைப்பையும் துண்டிப்பதில்லை, யாருக்கும் அழைப்பதும் இல்லை. அது தெரியாமல் ஒன்பதை அழுத்தினால் ஒரு மனிதர் வருவார். உங்கள் ஆதாரில் மும்பையில் ஒரு சிம் வாங்கியிருக்கிறார்கள், அதில் பணமோசடி நடந்திருக்கிறது என்பார். இல்லாவிட்டால், உங்கள் பெயரில் வெளிநாட்டுக்குப் போன பார்சலில் போதைப்பொருள் இருந்தது என்பார். அங்கிருந்து வீடியோ அழைப்பு. காக்கிச் சட்டை, பின்னால் காவல்துறைச் சின்னம், மேஜையில் கோப்பு. "உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம். கேமராவை அணைக்கக் கூடாது. அறையை விட்டு வெளியே போகக் கூடாது. மனைவியிடம்கூடச் சொல்லக் கூடாது, இது தேச ரகசியம்." பிறகு, உங்கள் பணம் சுத்தமானதா என்று ரிசர்வ் வங்கி சரிபார்க்க வேண்டும், இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள், இரண்டு நாளில் திரும்ப வந்துவிடும் என்பார்கள். பயந்துபோனவர் தானே வங்கிக்குப் போய், வைப்புநிதியை உடைத்து, தானே அனுப்புவார். காசாளர் கேட்டால் 'மகனுக்கு வீடு வாங்க' என்று சொல்லச் சொல்லியிருப்பார்கள்.

படிக்காதவர்கள்தான் இதில் விழுவார்கள் என்று நினைத்தால் தவறு. 2024 ஆகஸ்டில் லூதியானாவில் வர்த்தமான் ஜவுளிக் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால் 7 கோடி ரூபாய் இழந்தார். வயது 82, பத்ம பூஷண் விருது பெற்றவர். அவருக்காக இணையத்தில் ஒரு போலி உச்ச நீதிமன்ற விசாரணையையே நடத்தினார்கள். அன்றைய தலைமை நீதிபதி சந்திரசூட் போல ஒருவர் பேசினார். புகாருக்குப் பிறகு 5 கோடிக்கு மேல் மீட்கப்பட்டது. பெரிய நிறுவனத்தைக் கட்டி ஆண்ட மனிதரையே ஒரு அறையில் உட்கார வைக்க முடிந்தது என்றால், அந்தத் தந்திரத்தின் பலம் எங்கே இருக்கிறது? அந்தத் தனிமையில். பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் ஒரு வார்த்தை பேசியிருந்தால் எல்லாம் கலைந்திருக்கும். 'யாரிடமும் சொல்லாதே' என்பதை அவர்கள் முதல் நிபந்தனையாக வைப்பது அதனால்தான். உங்களிடம் யாராவது போனில் அப்படிச் சொன்னால், உடனே எழுந்து அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். வீடியோ ஓடிக்கொண்டிருந்தாலும் சரி.

டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று இந்தியச் சட்டத்தில் எங்குமே இல்லை. பிரதமர் மோடி 2024 அக்டோபர் 27 அன்று மனதின் குரல் நிகழ்ச்சியில் இதைப் பற்றியே நீளமாகப் பேசினார். காவல்துறை ஆஜராகச் சொல்லும் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்புவதை ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. நிலைமை முற்றிப்போய், அதே ஆண்டு டிசம்பரில் இந்த மோசடிகளை விசாரிக்கும் பொறுப்பை நீதிமன்றம் சி.பி.ஐ.-யிடம் கொடுத்தது. 2024-இல் மட்டும் இணையவழி மோசடிகளில் இந்தியர்கள் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெரிவித்த கணக்கு இருக்கிறது. முந்தைய ஆண்டைப் போல மூன்று மடங்கு.

இவர்கள் எங்கிருந்து அழைக்கிறார்கள்? ஜார்க்கண்டின் ஜாம்தாரா பெயர் எல்லோருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய கூடாரங்கள் மியான்மரின் மியாவாடியிலும் கம்போடியாவிலும் இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து இணையம் வழியாக அழைத்து, உங்கள் திரையில் +91 என்று உள்ளூர் எண் போலக் காட்டினார்கள். தொலைத்தொடர்புத் துறை 2024 அக்டோபர் 22-இல் இதைத் தடுக்க ஒரு ஏற்பாட்டைத் தொடங்கியபோது, முதல் 24 மணி நேரத்தில் மட்டும் சுமார் 1.35 கோடி அழைப்புகள் பிடிபட்டன. அந்த வாசல் அடைபடவும், 'சிம் பாக்ஸ்' என்ற பெட்டியை நாடுகிறார்கள். நூற்றுக்கணக்கான உள்ளூர் சிம்களைச் செருகி, வெளிநாட்டு அழைப்பை உள்ளூர் அழைப்பாக மாற்றித் தரும் பெட்டி. திரையில் தெரியும் எண்ணை நம்பாதே என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

போனில் பேசுபவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பிப் போன நம் பையன்களையே எல்லை தாண்டிக் கடத்தி, பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, இந்த வேலையில் உட்கார வைத்திருக்கிறார்கள். மறுத்தால் அடி. 2022 அக்டோபரில் மியான்மரிலிருந்து மீட்கப்பட்ட 13 தமிழர்கள் சென்னை வந்து சேர்ந்தார்கள். உங்களை ஏமாற்றத் துடிக்கும் அந்தக் குரலின் முதுகில் ஒரு தடி நின்றுகொண்டிருக்கலாம். அதற்காகப் பணம் கொடுத்துவிடாதீர்கள். வெளிநாட்டு வேலை என்று யாராவது வீட்டில் கிளம்பினால் இதை ஞாபகம் வையுங்கள்.

சில்லறை விஷயங்களை வேகமாக முடித்துவிடுகிறேன். பணம் வாங்க யு.பி.ஐ. பின் எண் தேவையே இல்லை. பின் கேட்கிறது என்றால் பணம் உங்களிடமிருந்து போகிறது. கூரியர் பையன் என்று சொல்லி, நட்சத்திரக் குறியோடு ஏதாவது எண்ணை டயல் செய்யச் சொன்னால் செய்யாதீர்கள். உங்கள் அழைப்புகள் வேறொருவருக்குத் திரும்பிவிடும், ஓ.டி.பி. சொல்லும் அழைப்பும் சேர்த்து. ஏற்கெனவே செய்திருந்தால் ##002# என்று டயல் செய்யுங்கள், எல்லாத் திருப்பலும் ரத்தாகும். ஓ.டி.பி. வந்தால் அந்தச் செய்தியை முழுக்கப் படியுங்கள். எதற்கு, எவ்வளவு என்று பெரும்பாலும் அதிலேயே எழுதியிருக்கும். வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒரே ஒரு மணி அடித்து நின்றால் திரும்ப அழைக்காதீர்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். பணம் போகவில்லை, ஆனால் மோசடி முயற்சி என்று தெரிகிறது என்றால், அதே தளத்தில் 'சக்ஷு' என்ற பகுதியில் எண்ணைத் தெரிவிக்கலாம்.

பணம் போயே விட்டது என்றால்? சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். மற்ற எல்லாம் பிறகு. அந்தப் பணம் ஒரே கணக்கில் உட்கார்ந்திருக்காது. நிமிஷக் கணக்கில் ஐந்தாறு கணக்குகளாகப் பிரிந்து, அங்கிருந்து இன்னும் சில கணக்குகளுக்குப் போய், எங்கோ ஒரு ஏ.டி.எம்.-மில் ரொக்கமாக வெளியே வரும். 1930-க்கு நீங்கள் சொன்னதும், அந்தச் சங்கிலியில் உள்ள வங்கிகளுக்குத் தகவல் பறக்கும். ரொக்கமாக மாறுவதற்கு முன் எந்தக் கணக்கில் பணம் நிற்கிறதோ, அங்கே அதை முடக்கி வைப்பார்கள். ஒரு மணி நேரத்துக்குள் சொன்னவருக்கும் மறுநாள் சொன்னவருக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. அழைக்கும்போது பரிவர்த்தனை எண், தொகை, நேரம், வங்கியின் பெயர் கையில் இருக்கட்டும். பிறகு தேசிய சைபர் குற்றத் தளத்தில் எழுத்தில் பதியுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள்.

வங்கி திருப்பித் தருமா என்ற கேள்விக்கு ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைதான் அடிப்படை. உங்கள் பக்கமும் வங்கியின் பக்கமும் தவறில்லாமல் வெளியாள் யாரோ எடுத்திருந்தால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு நஷ்டம் கிடையாது. நாலு முதல் ஏழு நாள் என்றால் ஒரு வரம்பு வரை உங்கள் தலையில். ஓ.டி.பி.-யை நீங்களே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனது உங்கள் நஷ்டம்; தெரிவித்த பிறகு போவது வங்கியின் நஷ்டம். தவறு நம்முடையதாயிற்றே என்று கூச்சப்பட்டுத் தள்ளிப்போடுபவர்கள் இந்தக் கடைசி வரியை மறுபடி படியுங்கள்.

சில வாரம் கழித்து ஒருவர் அழைப்பார். "நீங்க இழந்த பணத்தை மீட்டுத் தர்றோம், கட்டணம் இவ்வளவு" என்பார். அவரும் அதே கூட்டம்தான். ஏமாந்தவர்களின் பட்டியலுக்கும் விலை உண்டு.

அந்தச் சங்கிலியில் உள்ள கணக்குகள் யாருடையவை தெரியுமா? கமிஷனுக்கு ஆசைப்பட்டுத் தன் பாஸ்புக்கையும் ஏ.டி.எம். கார்டையும் கொடுத்த கல்லூரி மாணவர், கட்டிட வேலை செய்பவர், வேலை தேடும் பட்டதாரி. 'கணக்கை மட்டும் கொடு, மாசம் ஐயாயிரம்' என்று கேட்கும் நண்பன் உங்கள் பிள்ளையின் விடுதியிலும் இருக்கலாம். போலீஸ் முதலில் வருவது கணக்கு வைத்திருப்பவர் வீட்டுக்குத்தான். இதை அவனிடம் ஒரு தடவை உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால், இன்று சாயங்காலமே அவர்கள் போனில் மூன்று எண்களைப் பெயர் போட்டுச் சேமித்துக் கொடுங்கள்: தொல்லைக்கு 1909, பணம் போனால் 1930, கூடவே அவர்கள் வங்கிக் கார்டின் பின்னால் உள்ள எண். 'என்ன ஆனாலும் முதலில் எனக்கு போன் பண்ணுங்க, நான் திட்டமாட்டேன்' என்றும் சொல்லி வையுங்கள். பிறகு, சொன்னபடி திட்டாமல் இருங்கள்.